நமக்கா, எங்களுக்கா? 1939-இன் சிவப்புச் சுவரொட்டி தோற்றது எப்படி

1939 செப்டம்பரில், போர் அறிவித்த கையோடு, பிரிட்டன் அரசு தன் ஊர்ச் சுவர்களில் சிவப்பு நிறச் சுவரொட்டிகளை ஒட்டியது. மேலே ஒரு மகுடம், கீழே வெள்ளை எழுத்தில் ஒரே வாக்கியம். படம் கிடையாது. அந்த வாக்கியத்தைத் தமிழில் பெயர்க்க உட்கார்ந்தால் முதல் பாதி தடையில்லாமல் வந்துவிடும்: "உங்கள் துணிவு, உங்கள் மலர்ச்சி, உங்கள் மனவுறுதி..." அடுத்த சொல்லில் பேனா நின்றுவிடும். வெற்றி வரப்போவது நமக்கா, எங்களுக்கா? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். எழுதிய அதிகாரிகள் 'நமக்கு' என்று நினைத்துக்கொண்டு எழுதினார்கள். தெருவில் நின்று படித்தவர்களில் பலர் 'எங்களுக்கு' என்று படித்தார்கள். துணிவும் உறுதியும் உங்கள் செலவு, வெற்றி எங்கள் வரவு என்பதுதான் அவர்கள் காதில் விழுந்த செய்தி. அக்டோபரிலேயே அந்தப் பிரசாரம் நிறுத்தப்பட்டது.

கேட்பவரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் 'நாம்' ஒன்று, கேட்பவரை வெளியே நிறுத்தும் 'நாங்கள்' ஒன்று என்று தமிழ் பிரித்தே வைத்திருக்கிறது. முன்னதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பார்கள் இலக்கணக்காரர்கள். இங்கிலாந்தில் ஒரு பிரசாரத்தைக் கவிழ்த்த பிழை, தமிழில் எழுதியிருந்தால் முதல் வரைவிலேயே வெளிச்சத்துக்கு வந்திருக்கும். சென்னையில் சுவரொட்டிக்கு வாசகம் எழுதுகிறவர்களும், அச்சிடுகிறவர்களும், காட்சித் தொடர்பியல் படிக்கிற மாணவர்களும் போர்க்காலச் சுவரொட்டிகளைப் படத்தை வைத்தே அலசுகிறார்கள். விரல் நீட்டியது யார், வண்ணம் என்ன, பின்னணி என்ன என்று. 'நாம்', 'நாங்கள்', 'நீங்கள்' போன்ற பிரதிப்பெயரை அலசுவதில்லை. இந்த ஆய்வு அந்தப் பக்கத்திலிருந்து போகிறது.

திட்டமும் அச்சும்

வேலை 1939 ஏப்ரலிலேயே தொடங்கிவிட்டது. அப்போது தகவல் அமைச்சகம் கோப்புகளில் மட்டும் இருந்தது; போர் மூண்டால் உயிர்பெறும் நிழல் அமைச்சகம் அது. அதிகாரிகள் மனத்தில் இருந்த காட்சி இதுதான்: போர் அறிவித்த சில மணி நேரத்தில் விமானங்கள் வரும், நகரங்கள் மேல் குண்டு விழும், மக்கள் பீதியில் ஓடுவார்கள். அந்த ஓட்டத்தை நிறுத்துவதற்கான மருந்தாகத்தான் சுவரொட்டி தயாரானது.

மூன்று வாசகங்கள் தேர்வாயின. ஒன்று, சுதந்திரம் ஆபத்தில் இருக்கிறது, முழு வலிமையோடு அதைக் காத்திடுங்கள் என்பது. இரண்டாவது மேலே சொன்ன 'உங்கள் துணிவு'. மூன்றாவது, இன்று தேநீர்க் கோப்பையிலும் டீ-ஷர்ட்டிலும் உலகம் முழுக்கச் சுற்றும் 'கீப் காம் அண்ட் கேரி ஆன்', அதாவது பதறாமல் வேலையைத் தொடருங்கள் என்பது. மூன்றுக்கும் ஒரே அச்சுச் சட்டகம்: முழுத் தாளுக்கும் ஒரே நிறம், மன்னரின் மகுடம், நடுவில் கையால் வரைந்த, முனைகளில் சிறு கோடுகள் இல்லாத ஆங்கில எழுத்துகள். எழுத்தைத் தனியாக வரையவைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அச்சகங்களில் கிடைக்கும் வழக்கமான எழுத்தில் அடித்தால் எதிரி அதே மாதிரி போலிச் சுவரொட்டி அடித்து ஒட்டிவிடக்கூடும்.

மூன்றாவது வாசகம் ஆகஸ்ட் 23-க்கும் செப்டம்பர் 3-க்கும் இடையில் கிட்டத்தட்ட 25 லட்சம் பிரதிகள் அச்சானது. ஆனால் கடும் குண்டுவீச்சுக்குப் பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும் என்று கிடங்கில் வைத்துவிட்டார்கள். முதல் இரண்டும் சுவருக்குப் போயின.

விமானங்கள் வரவில்லை. 1939 இலையுதிர் காலமும் அடுத்த குளிர்காலமும் பிரிட்டன் நகரங்களில் பெரிய தாக்குதல் ஏதும் இல்லாமல் கழிந்தன. மக்களுக்குத் தொல்லையாக இருந்தது விளக்கணைப்பும் படிவங்களும் விலையேற்றமும்தான். அந்த நேரத்தில் சுவரில் ஒரு மகுடம் 'துணிவோடு இரு' என்று சொன்னால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். பத்திரிகைகள் கிண்டல் செய்தன. மக்கள் பேச்சைக் கேட்டுப் பதிவுசெய்துவந்த மாஸ் அப்சர்வேஷன் அமைப்பு, 'உங்கள்', 'நமக்கு' என்ற பிரிவினையைப் படித்தவர்கள் கவனித்துவிட்டதைக் காட்டியது. பலர் சுவரொட்டியைக் கண்டதாகவே சொல்லவில்லை. கண்டவர்கள், மேலிருந்து தட்டிக்கொடுக்கிற தொனி என்றார்கள்.

கிடங்கில் இருந்த மூன்றாவது சுவரொட்டி 1940 ஏப்ரலிலிருந்து காகிதத் தட்டுப்பாட்டுக்காகக் கூழாக்கப்பட்டது. லண்டன் மேல் தொடர் குண்டுவீச்சு ஆரம்பித்தது 1940 செப்டம்பர் 7. அதாவது, எந்த நாளுக்காக அச்சடித்தார்களோ அந்த நாள் வந்தபோது கையில் சரக்கு இல்லை.

பிழை எங்கே ஒளிந்திருந்தது

பிரதிப்பெயர் முதல் பிழை. அதைத் தனியாகத் திருத்தியிருந்தாலும் அந்தச் சுவரொட்டி பிழைத்திருக்காது என்பது எங்கள் கணிப்பு. ஏனென்றால் பேசுகிறவர் யார் என்று மகுடம் சொல்லிவிட்டது. மகுடத்துக்குக் கீழே வருகிற எந்த 'நாமும்' எளிதில் நாமாகாது. நம் ஊரில் அரசு முத்திரைக்குக் கீழே 'பொதுமக்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று வரும் அறிவிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டுக்கொள்வது யார் என்று வாக்கியத்தில் எங்கும் இல்லை. ஆனால் படிக்கிறவருக்கு அந்த யாரோ எந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பது தெரியும்.

அடுத்தது பெயர்ச்சொற்கள். துணிவு, மலர்ச்சி, உறுதி, சுதந்திரம் எல்லாமே கைக்கு அகப்படாத சொற்கள். படித்து முடித்தவர் வீட்டுக்குப் போய் என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் சொல்லப்படவில்லை. இதே 'சுதந்திரம்' என்ற சொல்லோடு நான்கு ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் ஓவியர் நார்மன் ராக்வெல் என்ன செய்தார் என்று பார்த்தால் வித்தியாசம் புரியும். ஊர்க்கூட்டத்தில் வேலை உடுப்போடு எழுந்து நின்று பேசும் ஒருவர், பண்டிகைச் சாப்பாட்டு மேசை, தூங்கும் பிள்ளைகளுக்குப் போர்வை இழுத்துவிடும் பெற்றோர் என்று 1943-இல் வெளியான அவருடைய நான்கு ஓவியங்களும் போர்ப் பத்திர விற்பனைக்குச் சுவரொட்டியாகி, ஊர் ஊராகக் காட்சிக்குப் போயின. அந்தச் சுற்றில் 13 கோடி டாலருக்கு மேல் பத்திரம் விற்றது. சுதந்திரத்தைச் சொல்லாகத் தராமல், பார்க்கிறவர் வீட்டிலேயே இருக்கிற பொருளாகத் தந்தார்.

பிரிட்டன் அமைச்சகமும் சீக்கிரமே பாடம் படித்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1940 பிப்ரவரியில் ஃபூகாஸ் என்ற புனைபெயரில் வரைந்த சிரில் கென்னத் பேர்டின் எட்டுச் சுவரொட்டிகள் வந்தன. வாய் தவறிப் பேசினால் உயிர் போகும் என்பது செய்தி. பேருந்தில் இரண்டு பெண்கள் அரட்டை அடிக்கிறார்கள், பின் இருக்கையில் ஹிட்லர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். பார்த்ததும் சிரிப்பு வரும், சிரித்தபின் சுரீர் என்று உறைக்கும். இங்கே மகுடம் மேலிருந்து பேசவில்லை. சுவரொட்டியில் இருப்பவர்கள் பார்க்கிறவரைப் போன்றவர்கள். செய்ய வேண்டியதும் தெளிவு: வாயை மூடு. அளவும் சிறியது. மதுக்கடை, ரயில் பெட்டி, தொலைபேசிக் கூண்டு என்று பேச்சு நடக்கும் இடத்திலேயே ஒட்டுவதற்கு ஏற்ற அளவு.

அதே ஆண்டு வந்த சர்ச்சில் சுவரொட்டி, பிரதிப்பெயரைச் சரிசெய்த நேரடி உதாரணம். பின்னால் பீரங்கி வண்டிகளும் விமானங்களும், முன்னால் சர்ச்சில் முகம், கீழே 1940 மே 13 உரையிலிருந்து எடுத்த வரி. தமிழில் "வாருங்கள், ஒன்றாக முன்னே செல்வோம்" என்று வரும். 'வாருங்கள்' என்ற ஒரு சொல் வந்தவுடன் 'செல்வோம்' என்பதில் கேட்பவர் உட்கார்ந்துவிட்டார். அவரை வெளியே தள்ள முடியாது.

மதராஸ் சுவரில் ஒட்டிப் பார்த்தால்

அதே 1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியத் தலைவர்கள் யாரையும் கேட்காமல், இந்தியாவும் போரில் இருக்கிறது என்று அறிவித்தார். அதை எதிர்த்துக் காங்கிரஸ் மாகாண அரசுகள் பதவி விலகின. மதராஸில் ராஜாஜி அமைச்சரவை விலகியது அக்டோபர் இறுதியில். லண்டனில் 'உங்கள் துணிவு' பிரசாரத்தை நிறுத்திய அதே மாதம். இங்கே 'நாம்' என்று எழுதும் உரிமை யாருக்கு இருந்தது என்ற கேள்விக்கு அந்தப் பதவி விலகலே பதில். மொழிபெயர்ப்பாளர் 'நமக்கு வெற்றி' என்று எழுதலாம். படிக்கிறவர் மனத்துக்குள் அது 'எங்களுக்கு' என்று தானாகத் திருத்தப்பட்டுவிடும்.

முதல் உலகப் போரில் வந்த ஒரு இந்துஸ்தானிச் சுவரொட்டி இந்தச் சிக்கலிலிருந்து சாமர்த்தியமாக நழுவியது. துப்பாக்கியோடு நிற்கும் இந்தியச் சிப்பாய் ஒருவர் படம். இந்தச் சிப்பாய் இந்துஸ்தானத்தைக் காக்கிறார், தன் வீட்டையும் வீட்டாரையும் காக்கிறார், வீட்டாருக்கு உதவ நல்ல வழி படையில் சேர்வதே என்பது கருத்து. பேரரசரும் இல்லை, நாமும் இல்லை, நாங்களும் இல்லை. படர்க்கையிலேயே முழுச் செய்தியும் முடிந்துவிடுகிறது. 'நாம்' என்று நேர்மையாகச் சொல்ல முடியாத இடத்தில் படர்க்கைக்குப் போய்விடுவதுதான் தொழில் தெரிந்தவர் செய்கிற வேலை. இரண்டாம் போரில் இந்தியப் படை 25 லட்சத்தைத் தொட்டது, அத்தனை பேரும் தாமாகச் சேர்ந்தவர்கள். அதில் சுவரொட்டியின் பங்கு எவ்வளவு, மாதச் சம்பளத்தின் பங்கு எவ்வளவு என்று கேட்டால் எங்கள் ஓட்டு சம்பளத்துக்கு.

பீதி விஷயத்துக்கு வருவோம். லண்டன் அதிகாரிகள் கற்பனை செய்த நகரப் பீதி, அவர்கள் ஊரில் வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே வந்துபோயிருந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போனது. சுட்டது சில நிமிடங்கள்தான். ஆயிரக்கணக்கானோர் ஊரைக் காலி செய்தார்கள். உயிர்ச்சேதம் குறைவு, பொருட்சேதம் அளவோடுதான். ஆனால் அந்தக் கப்பலின் பெயர் தமிழில் தங்கிவிட்டது. 'ஆள் சரியான எம்டன்' என்று சொல்கிறவருக்கு அது கப்பல் என்பதுகூடத் தெரிந்திருக்காது. எதிரியின் பெயர் வியப்புச் சொல்லாக மாறுகிற ஊரில் போர்ப் பிரசாரம் எவ்வளவு எளிது என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது 1942 ஏப்ரல். 5-ஆம் தேதி கொழும்பு மேல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. 6-ஆம் தேதி விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். ஜப்பானியக் கப்பற்படை மதராஸை நோக்கி வருகிறது என்று ஒரு தவறான தகவல் வந்தது. அவசியப் பணி இல்லாதவர்கள் நகரை விட்டுப் போகலாம் என்று அரசே சொன்னது. அலுவலகங்கள் கடற்கரையை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஊர்களுக்குப் பெயர்ந்தன. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது. மூர் மார்க்கெட் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சி சாலையில், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். கப்பற்படை வரவேயில்லை. 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் வந்து துறைமுகப் பக்கம் சில குண்டுகள் போட்டுவிட்டுப் போனது, அவ்வளவுதான்.

இந்த ஏப்ரல் வாரத்தில் சைனா பஜார் சுவரில் 'பதற்றப்படாதீர்கள்' என்று ஒரு சுவரொட்டி இருந்ததாக வைத்துக்கொள்வோம். எதிரே நீதிமன்றக் கோப்புகள் மூட்டை மூட்டையாக வண்டி ஏறுகின்றன. சென்ட்ரல் ஸ்டேஷனில் நிற்க இடமில்லை. அந்தச் சுவரொட்டியைப் படிக்கிறவர் முதலில் செய்வது வீட்டுக்குப் போய்ப் பெட்டி கட்டுவதாகத்தான் இருக்கும். பதற வேண்டாம் என்று அரசு சொல்ல வேண்டிய நிலை வந்திருக்கிறது என்றால் பதறத்தக்கது ஏதோ இருக்கிறது என்பதே செய்தி. லண்டன் கிடங்கில் இருந்த 25 லட்சம் பிரதிகளுக்கும் இதே விதிதான் காத்திருந்திருக்கும் என்பது எங்கள் ஊகம். அவை வெளியே வராததால்தான் இன்று அந்த வாசகத்துக்கு இத்தனை மரியாதை.

எழுத்தறிவு இன்னொரு சுவர். அன்றைய மதராஸ் மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சிறுபான்மை. படமே இல்லாத, எழுத்து மட்டுமே உள்ள சுவரொட்டி இங்கே பெரும்பாலோருக்குச் சிவப்புத் தாள்தான். செய்தி காது வழியாகப் போனது. பெர்லினிலிருந்து சுபாஷ் சந்திர போஸின் ஆசாத் ஹிந்த் வானொலி தமிழிலும் பேசியது. ஒருவர் கேட்டுத் தெருவுக்குச் சொன்னால் போதும். வதந்தியை எதிர்க்கவென்று அரசு 1942-இல் தேசியப் போர் முன்னணி என்ற அமைப்பையே தொடங்க வேண்டியிருந்தது.

வாசகத்தைச் சோதிக்கும் முறை

இந்த நிகழ்விலிருந்து எடுத்த ஒரு சோதனையை இன்று எந்தச் சுவரொட்டிக்கும் போட்டுப் பார்க்கலாம். புயல் எச்சரிக்கையோ ரத்த தான முகாமோ எதுவானாலும் சரி. முதலில் வாசகத்தில் மறைந்திருக்கும் எழுவாய்களை எல்லாம் வெளியே எழுதுங்கள். தமிழில் எழுவாயை விழுங்கிவிடுவது சுலபம். 'வெற்றி பெறுவோம்' என்பதில் யார் பெறுவது? ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் நாம், நாங்கள், நீங்கள், அவர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உழைப்பைக் கேட்கும் வினை எந்த எழுவாயிடம் இருக்கிறது, பலன் எந்த எழுவாயிடம் போகிறது என்று பாருங்கள். உழைப்பு நீங்களிடமும் பலன் நாமிடமும் இருந்தால் அது 1939 சுவரொட்டி. இரண்டையும் நாமுக்குக் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் இரண்டையும் நீங்களுக்கே கொடுத்துவிடுங்கள். 'மொட்டை மாடியில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், உங்கள் பிள்ளைக்கு டெங்கு வராது' என்பதில் இரண்டும் ஒரே பக்கம். அதனால் வேலை செய்யும்.

அடுத்து வாசகத்தை உரக்கப் படியுங்கள், தெருப்பேச்சுத் தொனியில். எழுத்தில் சாதுவாக இருப்பது வாயில் வேறாகிவிடும். 'கீப் காம் அண்ட் கேரி ஆன்' என்பதைத் தமிழில் 'பதறாமல் உங்கள் வேலையைப் பாருங்கள்' என்று போட்டால் அகராதிப்படி சரி. சென்னையில் 'உங்க வேலையைப் பாருங்க' என்பது சண்டைக்கு முந்தின வரி. அமெரிக்காவில் 1917, 1918-இல் 40 லட்சத்துக்கு மேல் அச்சான, விரல் நீட்டும் அங்கிள் சாம் சுவரொட்டியின் முதல் வரியை அப்படியே பெயர்த்தால் 'எனக்கு நீ வேண்டும்' என்று வரும். அது ராணுவத்துக்கு ஆள் எடுக்கிற வாக்கியமாக யார் காதிலும் விழாது.

விரல் நீட்டுவதே இங்கே சிக்கல். வயதில் மூத்தவரைப் பார்த்து விரல் நீட்டிப் பேசுவது அவமதிப்பு. நம் சுவரொட்டி மரபு அதற்கு வேறு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறது: தலைவர் கைகூப்பி நிற்பார், அருகே 'அழைக்கிறார்' என்று இருக்கும், கீழே 'அலைகடலெனத் திரண்டு வாரீர்'. வேடிக்கை என்னவென்றால், முதல் உலகப் போரில் பிரிட்டன் போர் அமைச்சராக இருந்த கிச்சனர் விரல் நீட்டும் சுவரொட்டியும் உண்மையில் இந்த வகைதான். எல்லோர் நினைவிலும் இருக்கும் 'உன் நாட்டுக்கு நீ தேவை' என்ற வரி, ஆல்ஃப்ரெட் லீட் 1914 செப்டம்பர் 5 லண்டன் ஒபினியன் இதழின் அட்டைக்கு வரைந்தது. சுவரொட்டியாக வந்தபோது மேலே 'பிரிட்டன் மக்களே' என்று விளித்து, நடுவில் கிச்சனர் முகத்தையே எழுவாயாக வைத்து, கீழே 'அழைக்கிறார், படையில் சேருங்கள்' என்ற பொருளில் முடித்தார்கள். படமே சொல்லாக நிற்கிற அந்த உத்தி நம் தேர்தல் சுவரொட்டி எழுதுகிறவர்களுக்குப் பழக்கமானதுதான்.

பேசுகிறவரை மாற்றுவதும் ஓர் உத்தி. 1915-இல் சவீல் லம்லி வரைந்த சுவரொட்டியில் மடியில் உட்கார்ந்த மகள் கேட்கிறாள்: அப்பா, பெரிய போரில் நீங்கள் என்ன செய்தீர்கள்? தரையில் மகன் பொம்மைச் சிப்பாய்களோடு விளையாடுகிறான். அரசு வாயைத் திறக்கவேயில்லை. கூர்மையான வேலை, ஆனால் குற்றவுணர்வைக் கிளறி ஆள் சேர்க்கிற வேலை. அது எத்தனை பேரைச் சேர்த்ததோ, 1916 ஜனவரியில் பிரிட்டன் கட்டாயப் படைச் சேர்ப்புச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

பிரதிப்பெயர் காலத்தால் திசை மாறுவதற்கு ஒரு நல்ல உதாரணம், தலையில் சிவப்புத் துணி கட்டி முஷ்டி மடக்கும் அமெரிக்கப் பெண். 1943 பிப்ரவரியில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் தொழிற்சாலைகளுக்குள் இரண்டு வாரம் மாட்டுவதற்காக ஜே. ஹோவர்ட் மில்லர் வரைந்தது. அன்று அதன் பொருள் 'நம்மால் முடியும்': நிர்வாகமும் தொழிலாளரும் சேர்ந்து உற்பத்தியை உயர்த்துவோம், சச்சரவு வேண்டாம். 1980-களில் பெண்ணியச் சின்னமாகத் திரும்பி வந்தபோது 'வீ கேன் டூ இட்' என்ற அதே நான்கு சொற்களும் 'எங்களால் முடியும்' என்று ஆகிவிட்டன. ஒரு எழுத்தும் மாறவில்லை. தமிழில் அச்சடித்திருந்தால் புதுப் பிளேட் போட வேண்டியிருந்திருக்கும்.

தமிழில் அடிக்கும்போது

பாடத்துக்காகவோ கண்காட்சிக்காகவோ இந்தச் சட்டகத்தைத் தமிழில் அச்சிடுகிறவர்களுக்குச் சில குறிப்புகள். அளவு 20 அங்குலம் அகலம், 30 அங்குலம் உயரம். அன்றைய டபுள் கிரவுன். நம் ஊர்ச் சுவரொட்டிக்காரர்களுக்கும் பழக்கமான அளவுதான். சிவப்பை நான்கு வண்ணத்தில் பிரிக்காமல் ஒரே தனி மையாகக் கலக்கச் சொல்லி, எழுத்தை ரிவர்ஸில் விடுங்கள். அதாவது வெள்ளை எழுத்து என்பது மை படாத தாள். நான்கு வண்ணத்தில் அடித்தால் சிவப்பு என்பது மெஜந்தாவும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்று. ரெஜிஸ்டர், அதாவது வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, ஒரு மயிரிழை தப்பினாலும் எழுத்தோரத்தில் மஞ்சள் கோடோ இளஞ்சிவப்புக் கோடோ எட்டிப் பார்க்கும்.

தாள் முழுக்கத் தட்டையான சிவப்பு என்பது அச்சகத்துக்குத் தலைவலி. மை அதிகம், காய நேரம் அதிகம். அடுக்கி வைத்தால் கீழ்த்தாளின் மை மேல்தாளின் முதுகில் ஒட்டும். சின்ன அடுக்குகளாக வைக்கச் சொல்லுங்கள். ரிவர்ஸில் மை உள்பக்கம் கசிந்து பரவும். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு அது பெரிய சேதமில்லை. தமிழில் முதலில் அடைபடுவது புள்ளி, அடுத்து ண, ழ, கூ போன்றவற்றின் சுழிகள். புள்ளி போனால் பொருளே போகும். அதனால் புள்ளியை எழுத்துருவில் இருப்பதைவிடப் பெரிதாக வரைந்து, கீழெழுத்திலிருந்து கொஞ்சம் விலக்கி வையுங்கள். பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்துயரம் என்ற பொதுக் கணக்கு தமிழுக்குப் போதாது. கொக்கிகள் மேலும் கீழும் இடம் கேட்கும், ஒன்றரையாக வைத்துக்கொள்ளலாம்.

ஒட்டுவதற்கு மைதாப் பசை. அளவில் ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர். மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு அப்புறம்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும். கொதிநீரில் மாவைப் போட்டால் கட்டி கட்டியாகி, ஒட்டிய பிறகு தாளில் பரு பருவாக நிற்கும். பூச்சி அரிக்காமல் இருக்கத் துளி மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், வெறுங்கையால் கலக்கக் கூடாது. சுவரில் ஒரு பூச்சுப் பசை அடித்துத் தாளை நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவ வேண்டும். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நனைந்து விரிந்த தாள் நடுவில் சுருங்கிக்கொள்ளும், தட்டைச் சிவப்பில் அந்தச் சுருக்கம் தெருவுக்கே தெரியும். கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும் வெயில் நேராக வாங்கும், சிவப்புச் சீக்கிரம் வெளுக்கும். 1959-ஆம் ஆண்டின் பொது இட அழகுச் சீர்குலைவுத் தடுப்புச் சட்டம் இருப்பதால், எந்தச் சுவராக இருந்தாலும் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

'ஒரிஜினல்' என்று யாராவது நீட்டினால்

2000-இல் இங்கிலாந்தின் ஆனிக் நகரத்தில் பார்ட்டர் புக்ஸ் என்ற பழைய புத்தகக் கடையில், ஏலத்தில் வாங்கிய பெட்டியின் அடியில் 'கீப் காம்' பிரதி ஒன்று மடித்தபடி கிடைத்தது. கடையில் மாட்டினார்கள், கேட்டவர்களுக்கு நகல் அடித்து விற்றார்கள், அங்கிருந்து உலகம் சுற்றியது. அசல் பிரதிகள் மிகச் சொற்பம். அதனால் சென்னைப் பழைய பொருள் கடையில் ஒன்று வந்தால் முதலில் சந்தேகப்படுங்கள்.

பத்து மடங்கு உருப்பெருக்கும் லூப் ஒன்று போதும். அசலில் சிவப்பு, புள்ளியே இல்லாத ஒரே பரப்பாக இருக்கும். மெஜந்தா, மஞ்சள் புள்ளிகள் பூப்போலக் கூடித் தெரிந்தால் அது பிற்கால ஆஃப்செட். ஒழுங்கில்லாத நுண்துளிகள் சிதறிக் கிடந்தால் இன்க்ஜெட். வெள்ளை எழுத்தின் மேல் விரல் நுனியை ஓட்டுங்கள், அங்கே மை எதுவும் இருக்கக் கூடாது. எண்பது ஆண்டுத் தாளில் அந்த 'வெள்ளை' இப்போது பழுப்பேறியிருக்க வேண்டும். சிவப்பு மட்டும் பழசாகி எழுத்து பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் கேள்வி கேளுங்கள். மடிப்புக் கோட்டில் மை உதிர்ந்து உள்தாள் தெரிவது நல்ல அறிகுறி. மடிப்பின் படமே அச்சாகியிருப்பதும் உண்டு, பக்கவாட்டில் டார்ச் அடித்தால் மேடு பள்ளம் இல்லாததால் மாட்டிக்கொள்ளும்.

நிஜமாகவே பழைய போர்க்காலத் தாள் எதுவும் கிடைத்துவிட்டால், லேமினேஷன் கடைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். சூடும் பசையும் ஏறினால் திரும்ப எடுக்க முடியாது. செலோ டேப்பும் அப்படித்தான், சில ஆண்டுகளில் பசை தாளுக்குள் இறங்கி மஞ்சள் பட்டையாக நிற்கும். அமிலமில்லாத தாள் இடையிட்டு, மடிக்காமல், தட்டையாக, தரையிலிருந்து உயரத்தில், வெளிச்சுவரைத் தொடாமல் வையுங்கள். இந்த ஊர் ஈரப்பதத்துக்குப் பூஞ்சையும் ராமபாணப் பூச்சியும் மழைக்காலம் முடிவதற்குள் வந்துவிடும், கார்த்திகை மாதத்தில் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். தாளின் அளவு ஏ3-க்கோ ஏ2-க்கோ மில்லிமீட்டர் பிசகாமல் பொருந்தினால் இந்தச் சிரமம் எதுவும் வேண்டாம். 1939-இல் பிரிட்டனில் அந்த அளவில் சுவரொட்டி அடிக்கவில்லை. ஆண்டர்சன் தெருவில் அந்த அளவுத் தாள் எந்தக் கடையிலும் கிடைக்கும்.